வெள்ளோட்டம்

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வேடிக்கைக் கதைதான் தெரியும். யார் வீட்டுக்குப் போனாலும், டீ கோப்பை கைக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொள்வார். ஆரம்பிக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

“இவ ஒரு தடவ எனக்கு டீ போட்டுக் குடுத்தா பாருங்க. சக்கரைய ஒரு தடவ போட்டா. அப்புறம் மறந்துட்டு இன்னொரு தடவ போட்டா. டீயா அது? பாகு! நானும் ஒரு வார்த்த பேசாம மடக்மடக்னு குடிச்சேனே. ஏன் சொல்லுங்க? கல்யாணமான புதுசு!”

அந்த இடத்தில் எல்லாரும் சிரிக்க வேண்டும். சிரித்துவிடுவார்கள். அவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். உண்மையில் அப்போது எனக்கு இடுப்பில் கைக்குழந்தை. கல்யாணத்தின் மெருகெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் கதைக்குப் புதுசு தேவைப்படுகிறது, அதனால் நானும் விட்டுவிட்டேன். ஏன் இரண்டு தடவை சர்க்கரை போட்டாய் என்று அவரும் கேட்டதில்லை, கதை கேட்டவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இப்போது ஓய்வு. அந்த டீ நடந்த காலத்தில் நாங்கள் ஒரு பழைய எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தோம். கட்டடத்துக்காரருக்கு லிஃப்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எங்களுக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும். ஒரு சுவர்தான் நடுவில். அந்தப் பக்கம் மோட்டார், இந்தப் பக்கம் நாங்கள்.

கீழே யாராவது பித்தானை அமுக்கினால் முதலில் சுவருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் மோட்டார் உறுமும். அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் மெல்ல நடக்க ஆரம்பிக்கும். பொய்யில்லை, நடக்கும். காலையில் சுவரோரம் வைத்த டம்ளர் சாயங்காலத்துக்குள் விளிம்புக்கு வந்து நிற்கும். இரண்டு கண்ணாடி டம்ளர்களை இழந்த பிறகு, பலகை விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை நானே ஆணி வைத்து அடித்தேன். கிரீஸ் வாசனை துணியில், தலையணையில், குழந்தையின் தலையில் எல்லாம் இருந்தது. வெயில் காலத்தில் கூரை கொதிக்கும். மழைக் காலத்தில் கதவு உப்பிக்கொண்டு மூடாது.

சத்தத்தை வைத்தே கட்டடம் முழுக்க யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரம் ஓடி நின்றால் இரண்டாம் மாடி, அது இருமல்காரர். கொஞ்சம் கூட ஓடினால் நாலாம் மாடி பல் டாக்டரிடம் வரும் நோயாளி. ஆறாம் மாடியில் நின்று, கதவைச் சாத்தாமல் வெகுநேரம் அப்படியே கிடந்தால் டைப்பிஸ்ட் பெண்ணும் அவளைக் கொண்டுவிட வந்தவரும் பிரிய மனசில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். என் மகள் இந்தச் சத்தத்தில்தான் தூங்கிப் பழகினாள். லிஃப்ட் பழுதாகி நின்ற அன்று அவள் போட்ட கூச்சலில் கட்டடமே மேலே ஏறி வந்துவிட்டது, பாவம், படியேறித்தான்.

என் வீட்டுக்காரர் லிஃப்டில் வரக் கூடாது. கிரீஸ் துணியோடு ஏறினால் குடியிருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கட்டடத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்துவிட்டு வந்து, சொந்த வீட்டுக்குப் படியேற வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வேலை முடிந்து வந்ததும் கீழே லிஃப்டுக்குள் கையை மட்டும் விட்டு எட்டை அமுக்கி, கதவைச் சாத்திவிடுவார். காலி லிஃப்ட் எங்கும் நிற்காமல் நேரே எட்டாம் மாடி வரை வரும். நடுவில் மூச்சு வாங்காத அந்த நீள ஓட்டம் வேறு யாருடையதும் இல்லை. எட்டாம் மாடியில் அப்போது குடியில்லை. சத்தம் கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் எட்டு மாடியும் ஏறி வந்து சேரவும் டீ வடிகட்டவும் சரியாக இருக்கும்.

காலி லிஃப்டை எதற்காக மேலே அனுப்புகிறாய், மின்சாரம் என்ன உன் மாமனார் வீட்டுச் சீதனமா என்று கட்டடத்துக்காரர் ஒரு முறை பிடித்துக்கொண்டார். “வெள்ளோட்டம் விடுறேன் சார். தினமும் ஒரு தடவ விட்டாத்தான் கயிறுக்கு நல்லது” என்று இவர் கூசாமல் சொன்னார். அவரும் நம்பிவிட்டார்.

இப்போது நாங்கள் இருப்பது ஐந்தாம் மாடியில், மகளும் மாப்பிள்ளையும் பார்த்துப் பார்த்து அமைத்துக் கொடுத்த வீடு. இரண்டு படுக்கையறை. அடுப்படியில் பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்காக நான் பாதி ஆயுள் காத்திருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. பக்கத்திலேயே லிஃப்ட். சத்தமே கிடையாது. ‘டிங்’ என்று ஒரு மணி, பிறகு ஒரு பெண் குரல், “ஐந்தாம் தளம்” என்று சொல்லும். அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு இவர் வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். லிஃப்ட் வருகிற போதெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்பார். கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. முகம் வாடிவிடும். சாப்பாடு பாதி தட்டில் நிற்கும். கேட்டால் “பசிக்கல” என்பார். ஒரு வார்த்தைக்கு மேல் வாயைப் பிடுங்கினாலும் வராது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒரு பெரிய கம்பெனியில், வேலை செய்கிறவர்களைச் சந்தோஷமாக வைத்திருக்கிற பிரிவில் இருக்கிறாள். நான் கேலி பண்ணவில்லை, உண்மையாகவே அப்படி ஒரு பிரிவு இருக்கிறதாம். வாரம் முழுக்க ஊராரைச் சந்தோஷப்படுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு சோபாவில் வந்து செத்த பிணமாகக் கிடப்பாள். அவள்தான் அப்பாவின் கைப்பேசியில் எதையோ ஏற்றிக் கொடுத்தாள். தினமும் காலையில் அது “இன்று எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?” என்று கேட்கும். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை அமுக்க வேண்டும். இவர் தினமும் ஐந்தை அமுக்கினார். மகள் கவலைப்பட்டு, “என்னம்மா, ஏறவும் மாட்டேங்குது, எறங்கவும் மாட்டேங்குது?” என்றாள்.

“எந்த மாடின்னு கேக்குதுன்னு நெனச்சிருப்பாருடி” என்றேன்.

அவள் விடவில்லை. பூந்தொட்டி வாங்கி வந்தாள். தண்ணீர் ஊற்றியது நான். பூங்காவில் காலையில் ஒரு கூட்டம் வட்டமாக நின்று சிரிக்கிறதாம், உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாம், அங்கே அனுப்பி வைத்தாள். ஒரே நாள்தான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, “யாரும் ஒண்ணுமே சொல்லல, எல்லாரும் அவங்க பாட்டுக்குச் சிரிக்கிறாங்க. பயமா இருந்துச்சு” என்றார்.

பிறகு ஒரு நாள், சாமான் வாங்கக் கடைக்குப் போனவர் வெகு நேரம் கழித்து வந்தார். சாமான் இல்லை. முகத்தில் அப்படியொரு களை. நான் பார்த்து எத்தனையோ காலமான களை.

“ரூம் காலியா இருக்கு” என்றார்.

“எந்த ரூம்?”

“நம்ம ரூம். மொட்டமாடி ரூம். பழைய கட்டடத்துக்காரர் பையன்தான் இப்ப ஓனர். போய்ப் பேசிட்டேன். நமக்குன்னா தரேன்னு சொல்லிட்டான்.”

“எதுக்கு? பழைய சாமான் போட்டு வைக்கவா?”

“குடியிருக்க.” நாற்காலியில் உட்காராமல் அங்கும் இங்கும் நடந்தார். “நான் யோசிச்சுப் பாத்துட்டேன். நாம சந்தோஷமா இருந்தது அங்கதான். வேற எங்கயும் அப்படி இருந்ததில்ல. அங்க போனா எல்லாம் சரியாயிடும்.”

நாம! அந்த ஒரு சொல்லில் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை. என் அடுப்படி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன்.

“பாத்துட்டு வரலாம். பாக்கறதுல என்ன?” என்றேன். ஒரு முறை போய்ப் பார்த்தால் அந்தச் சூட்டிலேயே தெளிந்துவிடுவார் என்று எனக்கு ஒரு கணக்கு.

மறுநாள் போனோம். கட்டடத்துக்கு வெளியே வண்ணம் மாறியிருந்தது. வாசலில் கண்ணாடிக் கதவு. காவலாளி ஒரு சாவிக்கொத்தோடு எங்களை லிஃப்டில் ஏற்றினார். பளபளவென்று எஃகுப் பெட்டி, முகம் பார்த்துத் தலைவாரலாம். அந்த லிஃப்டில் என் வீட்டுக்காரர் பயணியாக ஏறியது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பெட்டியின் மேல் கிரீஸ் ஒட்டிவிடக் கூடாது என்பது போலச் சட்டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். அன்று அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார்.

அறை அப்படியே இருந்தது. சின்ன ஜன்னல், உப்பிய கதவு, சுவரில் புகையின் பழைய கறை. அலமாரிப் பலகையின் விளிம்பில் நான் அடித்த மரச்சட்டம் இன்னும் இருந்தது, ஒரு ஆணி கோணலாக. அதைத் தொட்டுப் பார்த்தேன். சின்ன வயசு. இந்தச் சட்டத்தை அடித்தபோது எனக்கு என்ன வயசு! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடித்தேன்.

பக்கத்து மோட்டார் அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். “மோட்டார் எங்க?” என்று இவர் கேட்டார்.

“இப்ப வர்ற லிஃப்டுக்கு அந்தப் பெரிய மோட்டாரெல்லாம் கெடையாதுங்க. உள்ளேயே சின்னதா இருக்கும்” என்றார் காவலாளி. லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய் லிஃப்டைப் பற்றி! இவர் தலையை ஆட்டினார். தெரியாமலா இருக்கும். ஆனாலும் கேட்டார்.

அந்த ஏமாற்றமும் ஒரு நிமிஷம்தான். திரும்பவும் அறைக்குள் வந்து, “இங்கதான் அடுப்பு. இங்க பாய். இந்த மூலைல தொட்டில்” என்று காவலாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். அடுப்பு இருந்த இடத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார். கையில் டீ கூட இல்லை.

“இவ ஒரு தடவ இங்க வெச்சு எனக்கு டீ போட்டுக் குடுத்தா பாருங்க. சக்கரைய ஒரு தடவ போட்டா…”

காவலாளி சிரிப்பதற்குத் தயாராக வாயை வைத்துக்கொண்டார். எனக்கு எங்கிருந்து வந்ததோ.

“ஏன் ரெண்டு தடவ போட்டேன்னு தெரியுமா உங்களுக்கு? என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?”

இவர் நிறுத்தினார்.

“அன்னைக்கு மத்தியானம் பல் டாக்டர் வீட்டம்மா துணி காயப்போட மேல வந்தாங்க. ‘எங்கயோ லிஃப்ட் வேலை பாக்குற ஆளு ஒருத்தரு குழிக்குள்ள விழுந்துட்டாராமே’ன்னாங்க. யாரு, என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. போன் கிடையாது. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு நான் எங்க போய்க் கேப்பேன்? இந்தச் செவுத்துல காத வெச்சுக்கிட்டு நின்னேன். டக்னு சத்தம் வரும். உயிர் தொண்டைக்கு வரும். ரெண்டுல நிக்கும். நாலுல நிக்கும். ஆறுல நிக்கும். எது வந்தாலும் நடுவுல நின்னுடும். சாயங்காலம் பூரா அப்படியே நின்னேன். கடைசில அந்த நீள ஓட்டம் வந்துச்சு பாருங்க, அப்ப டீ போட்டேன். கை எங்க போச்சு, சக்கர எங்க போச்சுன்னு எனக்கென்ன தெரியும்?”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே” என்றார், மிகவும் மெதுவாக.

“நீங்க வந்து டீ ரெடியான்னு கேட்டீங்க. குடிச்சீங்க. போய்ப் படுத்துட்டீங்க. அப்புறம் நீங்க அத வேடிக்கையாக்கிட்டீங்க. அன்னைக்கு மட்டுமில்ல, தினமும் நான் இந்தச் செவுத்தக் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். உங்களுக்கு வேணும்னா இது சொர்க்கமா இருந்திருக்கும். எனக்கு இல்ல. நாமன்னு சொல்லாதீங்க.”

காவலாளி சாவிக்கொத்தை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம். இவர் அடுப்பு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பேயறைந்த மாதிரி முகம். பிறகு “போலாம்” என்றார். லிஃப்டில் ஏறவில்லை. படியில் இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன், முழங்காலைத் திட்டிக்கொண்டு.

அதற்கப்புறம் அவர் அறையைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு வெற்றி. ஜன்னலும் என்னுடையது, அடுப்படியும் என்னுடையது. கோபம் இறங்கின பிறகு பார்த்தால், ஜெயித்த வீட்டில் ஒரு களையும் இல்லை. கைப்பேசி காலையில் கூவிக் கூவி ஓய்ந்தது, இவர் ஐந்தைக்கூட அமுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளையின் அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். டீ வந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, இதுவரை அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பாரோ, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிப்பார். அன்றும் அவராகவே, “மாமா, அந்தச் சக்கர டீ கதைய இவங்களுக்குச் சொல்லுங்க” என்று எடுத்துக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். “மறந்து போச்சு மாப்ள” என்றார்.

அந்த மனுஷனிடம் இருந்ததே அந்த ஒரு கதைதான். அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதற்கு அவர் கையில் வைத்திருந்த ஒரே சாட்சி அது. அதையும் நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன். நான் சொன்னது உண்மைதான். அன்று என் பயம் உண்மை. ஆனால் அந்த நீள ஓட்டம் கேட்ட நிமிஷம் என் உடம்பு முழுக்கப் பரவியதே ஒன்று, அதுவும் உண்மைதானே? அதை நான் சொல்லவில்லை. பயத்தை மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு வாழ்க்கையில் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. மகள் படித்தாள், வீடு வந்தது, ஜன்னல் வந்தது. அந்த நிமிஷம் மாதிரி எதுவும் வந்ததில்லை.

அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. திட்டுவதென்றால் சரளமாக வருகிறது, இது வரமாட்டேன் என்கிறது.

மறுநாள் சாயங்காலம் கீழே கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன். லிஃப்ட் கீழேயே நின்றுகொண்டிருந்தது. கதவு திறந்தது. உள்ளே கால் வைக்கப் போனவள், என்ன தோன்றியதோ, ரொட்டிப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை மட்டும் உள்ளே விட்டேன். ஐந்தை அமுக்கினேன். கையை இழுத்துக்கொண்டேன். கதவு மூடிக்கொண்டது. காலி லிஃப்ட் மேலே போனது.

மேலே வாசல் பக்கத்தில் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். டிங் என்று கேட்கும். கதவைத் திறந்து பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். புரிந்துவிடும். இந்த நினைப்போடு முதல் படியில் கால் வைத்தேன்.

முதல் மாடி சுலபமாகத்தான் போயிற்று. இரண்டாவதில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். எந்த வீட்டிலோ குழந்தை அழுதது, எந்த வீட்டிலோ எதையோ வதக்கினார்கள். முழங்கால் இரண்டும் என்னோடு சண்டை போட்டன. நின்று நின்று ஏறினேன். ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, நான் வருகிறேன் என்று மேலே ஒருவருக்குத் தெரியும் என்ற நினைப்பு வந்தது பாருங்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக, ரொட்டியோடு, படியில் நின்று சிரித்தேன். பூங்காவில் அந்தக் கூட்டம் தேடுகிற சிரிப்பு இதுதானோ என்னவோ. எட்டு மாடியையும் அந்த மனுஷன் தினமும் ஏன் அத்தனை துள்ளலாக ஏறி வந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அந்த அறை பெரிதில்லை. இந்தப் படிதான்.

நாலாம் மாடியில் மேலேயிருந்து சத்தம் கேட்டது. செருப்பு தடதடவென்று. நிமிர்ந்து பார்த்தேன். படியின் உச்சியில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் அவர் செருப்பு, ஒரு காலில் என் செருப்பு. முகத்தில் ரத்தமே இல்லை.

“எங்க போன? என்ன ஆச்சு உனக்கு?” என்று கத்தினார். என்னிடம் அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. “காலி லிஃப்ட் வந்து நிக்குது! நீ இல்ல! கீழ விழுந்துட்டியா, மயக்கமா, ஒண்ணும் தெரியல! லிஃப்ட்ல போய்ப் பாத்தேன், கீழயும் இல்ல! திரும்பி வந்தேன், இங்கயும் இல்ல!”

“நான்தாங்க அனுப்பினேன்” என்றேன். மூச்சு வாங்கியது. “அப்ப நீங்க அனுப்புவீங்களே. வெள்ளோட்டம்.”

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் மீதிப் படி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் நினைத்து அனுப்பியது என்ன, போய்ச் சேர்ந்தது என்ன. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

“இவ்வளவு நேரமா ஆகும்?” என்றார்.

“எம் முட்டிக்கு ஆகும்.”

“இப்படித்தான் தினமும் நின்னியா?”

“தினமும் இவ்வளவு இல்ல” என்றேன். “சத்தம் கேட்டதும் போயிடும். அப்புறம் ரொம்ப நல்லா இருக்கும்.”

இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளாக வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார். நானும் எழப் போனேன்.

“நீ உக்காரு. டீ போட்டுட்டுக் கூப்பிடறேன்.”

“நீங்களா?”

“லிஃப்ட் வந்துடுச்சில்ல?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்படியாக, சொந்த வீட்டு வாசலில், ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுக்காரர் லிஃப்டில் வந்து இறங்கி, “சாவி தொலஞ்சு போச்சாங்க?” என்று கேட்டார். இல்லை, வீட்டில் டீ போடுகிறார்கள் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நடையைக் கட்டினார்.

உள்ளே பாத்திரம் விழுந்தது. அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. சர்க்கரை டப்பாவைத் தேடுகிறார். அடுப்புக்கு நேர் மேலே, கண்ணெதிரில்தான் இருக்கிறது. சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. காத்திருப்பதை என் ஆயுளில் நான் விரும்பியதே கிடையாது. அன்று, அவர் இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று இருந்தது.

கடைசியில் கதவைத் திறந்து, இரண்டு கோப்பைகளோடு அவரே வெளியே வந்து என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தேன். பாகு.

“ரெண்டு தடவ போட்டுட்டீங்க” என்றேன்.

“கை நிக்கல. எத்தன தடவ போட்டேன்னு தெரியல.” அவர் குடிக்காமல் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ரூம் வேண்டாம்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“உங்கிட்ட சொல்லாதது இன்னொண்ணும் இருக்கு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆனால் வேடிக்கை சொல்கிற செருமல் இல்லை. “அன்னைக்கு ஒரு ஆளு விழுந்தான்னு சொன்னியே. நான் அங்கதான் இருந்தேன். எனக்குப் பக்கத்துல நின்னவன். ரெண்டு மாடி ஆழம். நாங்க நாலு பேருமாத்தான் தூக்கினோம். கால் போச்சு, உயிர் பொழச்சுட்டான். உங்கிட்ட சொன்னா மறுநாள் வேலைக்கே விட மாட்டன்னு சொல்லல. ஆஸ்பத்திரில இருந்து நேரா வந்தேன். லிஃப்ட அனுப்பிட்டுப் படியேறினேன். காலே வரல. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு, ‘மேல டீ போட்டுட்டிருக்கா, மேல டீ போட்டுட்டிருக்கா’ன்னு சொல்லிக்கிட்டே ஏறினேன். நீ குடுத்தத வாயில வெச்சேன், அப்படி ஒரு இனிப்பு. ரெண்டு தடவ போட்டிருக்கன்னு அப்ப எனக்குத் தெரியல. உயிரோட வீட்டுக்கு வந்தா டீ இப்படித்தான் இருக்கும் போலன்னு நெனச்சேன்.”

லிஃப்ட் எங்களைத் தாண்டி மேலே போனது, சத்தமில்லாமல்.

“மறுநாள் சக்கர டப்பா காலியாயிருந்ததப் பாத்துத்தான் புரிஞ்சுது. அப்புறம் அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, வேடிக்கையாச் சொல்லிப் பழகிட்டேன்” என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் ஒரு வார்த்தை பேசாமல் மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தேன்.